புன்னகையாரின் பின்னங்கால்

நாற்பது நாள், இருபத்திரண்டு மணி நேரம். சித்தியின் வலது கால் இரண்டாம் விரலைப் புன்னகையார் ஏற்றுக்கொண்டு அவ்வளவு நேரம் ஆகியிருந்தது. இன்னும் இரண்டு மணி நேரத்தில் நாற்பத்தோரு நாள் நிறைந்து விரல் குணமாகிவிட வேண்டும். விரலுக்கு இந்த ஏற்பாடு தெரியாது. அது கறுத்துப்போய்ச் செருப்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

காலை எட்டு மணி. வரிசை தெருமுனை வரை போய்த் திரும்பி, மருந்துக்கடை வாசலை அடைத்திருந்தது. மருந்துக்கடைக்காரர் கவலைப்படவில்லை. அவரும் வரிசையில்தான் நின்றார். எல்லோர் கையிலும் ஐஸ். வாளியில் ஐஸ், பையில் ஐஸ், துண்டில் சுற்றிய ஐஸ். வங்கி மேலாளர் ஒருவர் கைப்பெட்டி நிறைய ஐஸும், சட்டைப்பை நிறைய மண்புழுவும் வைத்திருந்தார். புழு ஒன்று எட்டிப் பார்த்தபோது அவர் அதைப் பேனாவைப்போல உள்ளே தள்ளினார்.

"நகர்ந்து நில்லுங்க. ஐஸ் உருகிடுச்சுன்னா திரும்பப் போய் வாங்கிட்டு வரணும். உள்ளே போறவங்க நகையைக் கையில எடுத்து வெச்சுக்கோங்க."

வரிசையை ஒழுங்குபடுத்தியது சித்தி. சித்தி பேருந்து நடத்துநர். இருபது வருடமாக நின்றுகொண்டே வேலை பார்த்தவள். எங்கே கூட்டம் இருந்தாலும் அவளால் சும்மா இருக்க முடியாது. அன்று நொண்டிக்கொண்டே அதைச் செய்தாள்.

புன்னகையார் ஒரு சாண் நீளம் இருப்பார். வெள்ளையில் கொஞ்சம் இளஞ்சிவப்பு கலந்த உடம்பு. நான்கு கால், ஒரு வால். கழுத்தின் இரண்டு பக்கமும் மும்மூன்று சிவப்புக் குஞ்சங்கள். அவை செவுள்கள். வாய் அகலமானது, ஓரங்கள் மேல்நோக்கி வளைந்தது. அதனால் எப்போதும் சிரிப்பதுபோலத் தெரியும். பசித்தாலும் அதே சிரிப்பு. மலம் கழிக்கும்போதும் அதே சிரிப்பு. இந்தப் பிராணிக்கு ஆக்ஸலாட்டல் என்று பெயர். அந்தக் கூடத்தில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. வயது முந்நூறு என்றார்கள். ஆணுமல்ல, பெண்ணுமல்ல என்றார்கள். பேசுவார் என்றார்கள். பேச்சு ஒருவருக்கு மட்டும்தான் புரியும்.

அவர் மொழிபெயர்ப்பாளர். முன்பு அதே கூடத்தில் குளிர்சாதனப் பெட்டி பழுது பார்த்தார். இப்போது வெள்ளை உடை உடுத்தித் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். "என்கிட்ட ஒண்ணும் இல்லை, நான் வெறும் மொழிபெயர்ப்பாளர்" என்று அடிக்கடி சொல்வார். அந்த அடக்கத்தைப் பார்த்தே பாதிப் பேர் விழுந்துவிட்டார்கள்.

புன்னகையாரின் மொழி எளிமையானது. இடது குஞ்சம் அசைந்தால் ஆம். வலது குஞ்சம் அசைந்தால் இல்லை. இரண்டும் அசைந்தால், 'நகையைக் கழற்றி வைத்துவிட்டுப் பொறுமையாக இரு.' எப்போதும் இரண்டும்தான் அசைந்தன. செவுள் என்றால் அப்படித்தான்.

வைத்தியமும் எளிமையானது. நோயைச் சொன்னால் புன்னகையார் அதைத் தன் காலில் வாங்கிக்கொள்வார். கால் உதிர்ந்துவிடும். நாற்பத்தோரு நாளில் புதுக்கால் முளைக்கும். அதோடு நோய் தீர்ந்தது. தீராவிட்டால் உங்களுக்கு நம்பிக்கை போதவில்லை; இன்னொரு நாற்பத்தோரு நாள். தையல்காரர் ஒருவருக்கு முழங்கால் வலி போய்விட்டது. கால்மிதி இயந்திரத்தை விட்டுவிட்டு நாற்பத்தோரு நாள் ஐஸ் சுமந்தவர் அவர். மிதிக்காவிட்டால் மிதிக்கிற வலி போகும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அவர் ஊரெல்லாம் போய்ப் புன்னகையாரைப் பற்றிச் சொன்னார்.

கால் உதிர்ந்தது உண்மை. முளைத்ததும் உண்மை. எல்லோரும் தங்கள் கண்ணாலேயே பார்த்தார்கள். கண்ணால் பார்த்ததற்குப் பிறகு யோசிக்க வேண்டியதில்லை என்பது அங்கே பொதுவான முடிவு.

தொட்டிக்கு மேலே, சட்டம் போட்ட ஒரு தாள் தொங்கியது. அதுதான் விதிப்பலகை. ஓர் இரவில் எழுத்து தானாகத் தோன்றியது என்றார் மொழிபெயர்ப்பாளர். 'தண்ணீர் குளிந்திருக்க வேண்டும், பதினெட்டு டிகிரிக்கு மேல் போகக் கூடாது' என்றது முதல் விதி. அதனால் ஐஸ். 'உணவு மண்புழு' என்றது இரண்டாவது. அதனால் ஊரில் தோண்டாத தோட்டம் இல்லை. 'வெளிச்சம் ஆகாது' என்பதால் கூடம் இருட்டு. 'உலோகம் தண்ணீரில் படவே கூடாது' என்பதால் மோதிரம், வளையல், சங்கிலி எல்லாம் வாசலிலிருந்த மரப்பெட்டிக்குள் போயின. பெட்டிக்குள் போனவை வெளியே வரவேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை. சித்தியின் இரண்டு வளையல்களும் அதில்தான் இருந்தன.

'குளிந்திருக்க' என்பதில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது. அது ஏன் விட்டுப்போனது, அந்த இடைவெளியில் என்ன தத்துவம் இருக்கிறது என்று ஒரு பேச்சாளர் வந்து அரைமணி நேரம் விளக்கினார். கூட்டம் கண் கலங்கியது.

அந்தப் பிழை என்னுடையது. தாளும் என்னுடையது. அவசரத்தில் எழுதினேன்.

நான் விலங்கியல் படித்தேன். கல்லூரி ஆய்வகத்தில் இடம் போதாமல் இரண்டு ஆக்ஸலாட்டல்களை யாராவது எடுத்துப்போங்கள் என்றார்கள். கேட்க வேண்டியதைக் கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு வாங்கி வந்துவிட்டேன். இரண்டும் ஆண் என்று ஆய்வக உதவியாளர் சொன்னார். மழைக்காலத்தில், குளியலறையில் வைத்திருந்த தொட்டித் தண்ணீர் சட்டென்று குளிர்ந்தது. மறுநாள் காலை தொட்டிக்குள்ளிருந்த செடிகளில் முந்நூற்றுப் பன்னிரண்டு முட்டை இருந்தது.

முட்டைகளில் பாதியை ஒதுக்கியிருக்க வேண்டும். மனம் வரவில்லை. பதினெட்டாம் நாள் பொரிக்கத் தொடங்கின. குஞ்சுகளை ஒன்றாக விட்டால் ஒன்றின் காலை ஒன்று கடித்துவிடும். பகையெல்லாம் இல்லை, அசைகிற எதையும் தின்றுபார்க்கும், அவ்வளவுதான். அதனால் கப்புக்கு ஒன்றாகப் பிரித்தேன். வீட்டில் இருந்த கப்புகள் எல்லாம் தீர்ந்தன. பக்கத்து வீட்டுக் கப்புகளும் தீர்ந்தன. தண்ணீர் குடிக்க அம்மா குழம்புக் கரண்டியைப் பயன்படுத்தினாள். அக்கா வீட்டுக்காரர் ஒருநாள் சாப்பாட்டு மேசையிலிருந்த கப்பை எடுத்துப் பாதி குடித்தபிறகுதான் அது ஆறிப்போன காப்பி இல்லை என்று தெரிந்துகொண்டார். அதற்குப் பிறகு அக்கா மட்டும்தான் எங்கள் வீட்டுக்கு வருகிறாள்.

தண்ணீரைக் குளிர்விக்கத் தண்ணீர்ப் புட்டிகளை உறைய வைத்து உறைய வைத்து எங்கள் குளிர்சாதனப் பெட்டி நின்றுபோனது. பழுது பார்க்க வந்தவர், ஒரு கப்பில் கால் இல்லாத குஞ்சைப் பார்த்தார். ஐயோ பாவம் என்றார். வளர்ந்துவிடும் என்றேன். ஒன்றரை மாதம் கழித்துக் கூலி வாங்க வந்தபோது அதே குஞ்சுக்குக் கால் இருந்தது. அவர் அதை ரொம்ப நேரம் பார்த்தார். கூலி வேண்டாம், நாலு குஞ்சு கொடும்மா என்றார். கொடுத்தேன். வளர்க்கும் முறையை ஒரு தாளின் இரண்டு பக்கமும் எழுதிக் கொடுத்தேன்.

ஒன்றரை வருடம் கழித்து அந்த முறை விதிப்பலகையாகச் சுவரில் தொங்கியது. நான் போய்ப் பார்த்தபோது, பின்னறையில் நான்கும் ஒரே சின்னத் தொட்டியில் கிடந்தன. அடியில் கூழாங்கல். அவை கல்லை விழுங்கினால் செத்துப்போகும். கல்லை எடுத்துப்போட்டேன். தண்ணீரை மாற்றினேன். அன்றிலிருந்து மூன்று நாளைக்கு ஒருமுறை தண்ணீர் மாற்றப் போனேன். பக்தர்களுக்கு நான் 'தண்ணி மாத்துற பொண்ணு'.

நான்கையும் பிரித்து வைக்கச் சொன்னேன். அவர் மாட்டேன் என்றார். பிரித்துவிட்டால் கால் உதிராது. அவர் புழுவையும் குறைத்துத்தான் போட்டார். பசித்தது ஒன்று, பக்கத்திலிருந்ததன் காலைக் கடிக்கும். பிறகு அந்தக் காலுக்கு ஏற்ற நோயாளியை வரிசையில் தேடுவார்கள். முன்னங்கால் போனால் இதயம், நுரையீரல், வியாபாரம். பின்னங்கால் போனால் முழங்கால், பாதம், மலச்சிக்கல்.

யாரிடமாவது சொல்லியிருக்க வேண்டும். நாலு பேர் இருக்கிற இடத்தில் எனக்குக் குரல் வராது. கல்லூரி வாய்மொழித் தேர்விலேயே பதிலைத் தாளில் எழுதிக் காட்டியவள் நான். அதோடு மொழிபெயர்ப்பாளர் ஒருநாள் மென்மையாகச் சொன்னார், நீ வெளியே வாயைத் திறந்தால் நான்கும் சாக்கடைக்குப் போகும் என்று. அவரே சொல்வதாகச் சொல்லவில்லை. புன்னகையார் சொன்னதாக மொழிபெயர்த்தார்.

அதற்குப் பிறகு சித்திக்குச் செருப்பு கடித்தது.

சித்திக்குச் சர்க்கரை உண்டு. புண் ஆறவில்லை. அந்த வாரம் ஒரு பின்னங்கால் பாதம் போயிருந்தது, நோயாளி தேவைப்பட்டார். சித்தியைப் பிடித்துக்கொண்டார்கள். மாத்திரை உள்ளே போனால் புன்னகையாரால் உள்ளே வரமுடியாது என்றார் மொழிபெயர்ப்பாளர். சித்தி மாத்திரையை நிறுத்தினாள். நான் தனியாகக் கூப்பிட்டு வேண்டாம் என்று சொல்லப் பார்த்தேன். "ஊமைக்கோட்டானுக்கு இன்னிக்குப் பேச்சு வருது, பாரேன்" என்று சிரித்துவிட்டுப் போனாள்.

ஐந்து நாளைக்கு முன்னால் சித்தப்பா அவளை ஏமாற்றி மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார். மருத்துவர் அவரை மட்டும் வெளியே அழைத்துப் பேசினார். அந்த வாரத்துக்குள் விரலை எடுத்தால் விரலோடு போகும், தள்ளிப்போட்டால் பாதத்தை எடுக்க வேண்டி வரும். சித்தப்பா வீட்டுக்கு வந்து எங்கள் எல்லோரிடமும் சொன்னார். சித்தியிடம் மட்டும் சொல்லக் கூடாது, தாங்கமாட்டாள் என்றார். அவளிடம் 'சின்ன சுத்தம்' என்று சொல்லி வைத்திருந்தார். எங்கள் குடும்பத்தில் கெட்ட செய்தி யாருக்கோ அவரைத் தவிர எல்லோருக்கும் தெரியும். அதற்கு அன்பு என்று பெயர். சின்ன சுத்தம்தானே, நாற்பத்தோரு நாள் முடியட்டும் என்று சித்தி சொல்லிவிட்டாள்.

நாற்பத்தோரு நாள் அன்று பத்து மணிக்கு முடியும். முடிந்ததும் இன்னொரு நாற்பத்தோரு நாள் என்பார்கள். அவள் ஒத்துக்கொள்வாள். பாதம் அவ்வளவு நாள் காத்திருக்காது. பாதம் இல்லாத நடத்துநர் எங்கேயும் இல்லை.

ஒன்பதே முக்காலுக்குப் பின்னறையில் தண்ணீர் மாற்றினேன். மாற்றும்போது நான்கையும் நான்கு வெள்ளை பிளாஸ்டிக் டப்பாக்களில் எடுத்து வைப்பது வழக்கம். ஒன்றுக்குப் பின்னங்கால் பாதம் பாதிதான் வளர்ந்திருந்தது, விரல்கள் அரிசியளவு. ஒன்றுக்கு முன்னங்கால் புதிதாகப் போயிருந்தது. அது அடுத்த வாரப் பக்தருக்கு. மற்ற இரண்டும் முழுசு. மொழிபெயர்ப்பாளர் எட்டிப் பார்த்து, முழுசா இருக்கிறதுல ஒண்ணைக் கொண்டு வா என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் நான்கு டப்பாக்களையும் கொண்டுபோய்க் கூடத்து மேசையில் வைத்தேன். மூடியைத் திறந்தேன்.

ஒரே ஒரு புன்னகையாரைப் பார்த்துப் பழகிய கூட்டம் நான்கு டப்பாவையும் எட்டிப் பார்த்தது.

"இதுல புன்னகையார் யாரு?" என்று கேட்டேன். குரல் எனக்கே கேட்கவில்லை. சித்தி அதை வாங்கி, பேருந்தின் கடைசி இருக்கை வரை போகிற குரலில் திரும்பச் சொன்னாள். அவளுக்கு என்மேல் சந்தேகம் இல்லை. புன்னகையாரின் பெருமையைக் காட்ட ஏதோ ஏற்பாடு என்று நினைத்தாள்.

மொழிபெயர்ப்பாளருக்கு முகம் ஒரு கணம்தான் மாறியது. மற்ற மூன்றும் சீடர்கள் என்றார். முழுசாக இருந்த இரண்டில் ஒன்றைக் காட்டி, இவரே புன்னகையார் என்றார். முன்வரிசையிலிருந்த ஓய்வுபெற்ற தட்டச்சர் அம்மாவிடம் சித்தியின் காயத்துப் பிளாஸ்திரியில் ஒரு துண்டு கொடுத்தேன். அந்த டப்பாவின் அடியில் ஒட்டச் சொன்னேன். அதையும் இன்னொரு முழுசையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். பிறகு மொழிபெயர்ப்பாளரைத் திரும்பி நிற்கச் சொன்னேன்.

இது அவமரியாதை என்றார் அவர்.

"திரும்பி நில்லுங்களேன்" என்றாள் சித்தி. "தினம் பேசுற ஆளு. முகம் மறந்தா போகும்?"

அவர் திரும்பினார். தட்டச்சர் அம்மா டப்பாக்களை இடம் மாற்றினார். மொழிபெயர்ப்பாளர் வந்து குனிந்து, காதை வைத்துக் கேட்டு, ஒன்றைத் தொட்டார். தட்டச்சர் அம்மா தூக்கிப் பார்த்தார். அடியில் பிளாஸ்திரி இருந்தது.

கூடம் அதிர்ந்தது. தையல்காரர் தரையில் விழுந்து கும்பிட்டார். ஆனால் இரண்டில் ஒன்று சரியாக வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. இதற்குப் பட்டம் தேவையில்லை. இன்னும் நாலு தடவை என்றேன்.

மூன்று தடவை பிளாஸ்திரி இல்லை. ஐந்துக்கு இரண்டு. நாணயத்தைச் சுண்டியிருந்தால்கூடக் கொஞ்சம் மரியாதையாக வந்திருக்கும். வளர்த்தவளுக்கு அந்த இரண்டுக்கும் வித்தியாசம் தெரியும்; ஒன்றுக்கு மூக்கு அகலம். அவர் ஒருநாளும் அவற்றை உற்றுப் பார்த்ததில்லை. பார்ப்பது பக்தர்களின் வேலை.

மொழிபெயர்ப்பாளர் கண்ணை மூடினார். திறந்தார். "நாலும் அவரே" என்றார்.

கூட்டம் நிம்மதியாக மூச்சு விட்டது. ஆமாம், நாலும் அவரே, இது ஏன் நமக்குத் தோன்றவில்லை என்று வங்கி மேலாளர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்.

நான் நாற்காலியில் ஏறி விதிப்பலகையைக் கழற்றினேன். சட்டத்தின் பின்னட்டையைப் பிரித்தேன். தாளைத் திருப்பித் தட்டச்சர் அம்மாவிடம் கொடுத்தேன். அவர் ஆயுள் முழுக்க நீதிமன்றத்தில் மற்றவர்களின் பொய்யைத் தட்டச்சு செய்தவர். ஏற்ற இறக்கம் இல்லாமல் படித்தார்.

"நாலையும் ஒரே தொட்டியில் விடாதீர்கள். பசித்தால் ஒன்றின் காலை ஒன்று கடித்துவிடும். கால் போய்விட்டால் பயப்படாதீர்கள். எதுவும் செய்ய வேண்டாம். நாற்பது ஐம்பது நாளில் தானாக வளரும். எல்லா ஆக்ஸலாட்டலுக்கும் வளரும். மொத்தம் முந்நூற்றுப் பன்னிரண்டு முட்டை என்பதால், வேறு யாருக்காவது வேண்டுமென்றாலும் சொல்லுங்கள். சந்தேகம் இருந்தால் கீழே உள்ள எண்ணில் கூப்பிடவும், காலை ஒன்பதுக்கு மேல்."

எண்ணையும் படித்தார். கடவுளின் எண் என்று நினைத்தாரோ என்னவோ, தையல்காரர் தரையில் படுத்தபடியே கைபேசியில் அழுத்தினார். எனது ஈரப் பையில் மணி அடித்தது.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அத்தனை பேர் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. எழுதியது நான்தான் என்றேன். இவை எங்கள் வீட்டுக் குளியலறையில் பிறந்தவை, வயது இரண்டுகூட ஆகவில்லை, அம்மா இன்னும் அங்கேதான் இருக்கிறது என்றேன்.

யாருடைய அம்மா என்று பின்னாலிருந்து கேட்டார்கள்.

"புன்னகையாரோட அம்மா."

பிறகு நடந்ததை வரிசையாகச் சொல்ல முடியாது. முதலில் எல்லோரும் பாய்ந்தது மொழிபெயர்ப்பாளர் மீது அல்ல, மரப்பெட்டி மீது. பாதிப் பெட்டி காலி. மீதி எங்கே என்று கேட்டபோது, அவர் முதல்முறையாக மொழிபெயர்ப்பு இல்லாமல் பேசினார். சொந்த மொழியில் அவருக்கு அவ்வளவாகச் சொல்ல எதுவும் இல்லை. நடத்துநர் கை அவர் சட்டைக் காலரில் இருந்தது. சீட்டு வாங்காதவரைப் பிடிக்கிற அதே பிடி. தட்டச்சர் அம்மா காவல் நிலையத்துக்குத் தொலைபேசியில் தெளிவாக, காற்புள்ளி அரைப்புள்ளியோடு புகார் சொன்னார்.

இத்தனை நடக்கும்போது ஒருவர் என் பக்கத்தில் வந்து நின்றார். வங்கி மேலாளர். சட்டைப்பையில் புழுக்கள் இன்னும் நெளிந்தன. அவர் தணிந்த குரலில், அந்த அம்மா பேசுவாங்களா என்று கேட்டார்.

அவரிடம் மட்டும் சொல்ல நினைத்தது, எல்லோருக்கும் கேட்கும்படி வந்துவிட்டது.

"சார், இதுக்குக் கால் போனா கால் முளைக்கும். மூளையில ஒரு துண்டு போனாக்கூட வளர்ந்துக்கும். நமக்கு வளராது. இருக்கிறதை வெச்சுத்தான் யோசிக்கணும். அதனால தயவுசெஞ்சு யோசிங்க."

அவர் தலையாட்டிவிட்டு, புழுக்களை என்ன செய்வது என்று கேட்டார். வாங்கிக்கொண்டேன். நான்குக்கும் பசி.

சித்தி காலரை விட்டுவிட்டு ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தாள். செருப்பைக் கழற்றியிருந்தாள். அவளுக்கு ஐஸ் தூக்கி வந்திருந்த சித்தப்பா அவளுக்குப் பின்னால் நின்று என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். வேண்டாம் என்று. சித்தி டப்பாவுக்குள் அரிசியளவு விரல்களைப் பார்த்தாள். பிறகு தன் விரலைப் பார்த்தாள்.

"அப்ப இதுக்கு?" என்று கேட்டாள். அவள் இவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை.

சின்ன சுத்தம்தான் என்று சித்தப்பா ஆரம்பித்தார். நான் அவள் முன்னால் தரையில் உட்கார்ந்தேன்.

"சித்தி, உன் விரல் செத்துப்போச்சு. அஞ்சு நாளைக்கு முன்னாடியே டாக்டர் சொல்லிட்டார். எங்க எல்லாருக்கும் தெரியும், உனக்கு மட்டும் சொல்லலை. இன்னிக்குப் போனா விரல் மட்டும் போகும். போகலைன்னா பாதம். எது போனாலும் திரும்ப முளைக்காது."